பாய்மரப் படகில் ஃபிரிட்ஜ், பேட்டரி தீராமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகள், கரை மின்சாரத்தை நம்பாமல் நங்கூரமிட்டோ பாய்விரித்தோ பல நாட்கள் தங்கும் படகுகளை மனத்தில் கொண்டவை. 12 வோல்ட் மின்னமைப்பையும் ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியையும் வைத்துக் கணக்குகள் போடப்பட்டுள்ளன. 24 வோல்ட் படகில் ஆம்பியர் எண்களைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

ஃபிரிட்ஜ் பொருத்தியதிலிருந்து இரண்டாம் நாள் காலையிலேயே பேட்டரி இறங்கிவிடுகிறது. பெரிய பேட்டரி வாங்கினால் தீருமா?

தீராது, தள்ளிப்போகும். ஒரு நாளில் செலவாகும் மின்சாரம் அதே நாளில் திரும்பி வராத படகில் பேட்டரியை இரட்டிப்பாக்கினால், இரண்டாம் நாள் வந்த சிக்கல் நான்காம் நாள் வரும், அவ்வளவுதான். ஈய-அமில பேட்டரியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: முழுதாக ஏறாமல் வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, உண்மையான கொள்ளளவு சுருங்கிக்கொண்டே போகும். பெரிய பேட்டரியை முழுதாக ஏற்றுவது சிறியதை ஏற்றுவதைவிடக் கடினம் என்பதால், வரவு போதாத படகில் பெரிய பேட்டரிதான் முதலில் கெடும்.

ஃபிரிட்ஜ் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: பெட்டிக்குள் புகுந்த வெப்பத்தை வெளியே இறைப்பது. படகுக்குள் நீர் கசிந்தால் பெரிய பம்பு வாங்குவதற்கு முன் கசிவை அடைக்கப் பார்ப்போம். இங்கும் வரிசை அதுவே. முதலில் வெப்பம் புகுவதைக் குறைக்க வேண்டும், அடுத்து அதைச் சிக்கனமாக இறைக்க வேண்டும், அதன் பிறகு அன்றாட மின்வரவைச் சரிசெய்ய வேண்டும். பேட்டரியின் அளவு கடைசியாகத் தீர்மானிக்க வேண்டியது. பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். செலவு கூடுவதற்குக் காரணமும் அதுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும்?

ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 5 செ.மீ. தடிமன் பாலியூரித்தேன் நுரை, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ அரை வாட் வெப்பத்தை உள்ளே விடும். 100 லிட்டர் பெட்டியின் சுவர்ப் பரப்பு சுமார் 1.5 சதுர மீட்டர். வெளியே 30 டிகிரி செல்சியஸ், உள்ளே 5 டிகிரி என்றால் வேறுபாடு 25. ஆக, இடைவிடாமல் ஏறத்தாழ 19 வாட் வெப்பம் உள்ளே நுழைகிறது. 24 மணி நேரத்தில் அது 450 வாட்-மணி. படகில் வைக்கும் சிறிய கம்ப்ரஸர் நடைமுறையில் ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டு ஒன்றேகால் முதல் ஒன்றரைப் பங்கு வரை வெப்பத்தை வெளியேற்றும் என்று கொண்டால், 350 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டால் வகுத்தால் 29 ஆம்பியர்-மணி தேவை.

இது சுவர் வழியாக மட்டும் நுழைவது. மூடியின் விளிம்பு, குழாய் நுழையும் துளை, புதிதாக வைக்கும் பொருள்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் 40 முதல் 50 ஆம்பியர்-மணி என்பது நியாயமான மதிப்பீடு. கம்ப்ரஸர் ஓடும்போது 4 ஆம்பியர் எடுத்தால், நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று இதற்குப் பொருள். வெப்பமண்டலக் கடலில், காப்பு மெலிந்த பெட்டியில், 80 ஆம்பியர்-மணிக்கு மேல் போவதும் உண்டு. விற்பனைக் குறிப்புகளில் காணும் குறைந்த எண்கள் பெரும்பாலும் மிதமான வெப்பநிலையில், கதவைத் திறக்காமல் அளந்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

என் பெட்டியின் காப்பு எப்படி இருக்கிறது என்பதைச் சுவரை உடைக்காமல் அறிய முடியுமா?

முடியும், அதற்குப் பனிக்கட்டியும் ஓர் அளவுக் குவளையும் போதும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அது 93 வாட்-மணிக்குச் சமம். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோ பனிக்கட்டியை வைத்து மூடி, பெட்டியின் சுவர்கள் குளிர்வதற்கு முதல் சில மணி நேரத்தை விட்டுவிட வேண்டும். அதுவரை உருகிய நீரை வடித்துக் கொட்டிய பின், அடுத்த 24 மணி நேரத்தில் உருகும் நீரை மட்டும் அளக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் என்பது 93 வாட்-மணி வெப்பம் உள்ளே புகுந்ததற்குச் சான்று.

நம் எடுத்துக்காட்டுப் பெட்டியில் ஏறத்தாழ 5 லிட்டர் நீர் கிடைக்க வேண்டும். 8 அல்லது 9 லிட்டர் வந்தால் நுரை நனைந்திருக்கிறது அல்லது மூடி சரியாக மூடவில்லை என்று முடிவுகட்டலாம். பழைய படகுகளில் நுரை நனைந்திருப்பது மிகச் சாதாரணம். எந்தக் கம்ப்ரஸர் வாங்குவது என்று விசாரிக்கும் எவரையும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வரச் சொல்வது என் வழக்கம். பாதிப் பேருக்கு அதன் பிறகு கேள்வியே மாறிவிடுகிறது.

காப்பு போதவில்லை என்று தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது?

எளிதானவற்றிலிருந்து. மூடியின் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர்ப் பட்டை வேலை செய்யவில்லை. மேற்புறம் திறக்கும் பெட்டிகளில் மூடியே பெரும்பாலும் காப்பில்லாத வெறும் பலகையாக இருக்கும். அதன் அடியில் நுரை ஒட்டுவது அரை நாள் வேலை. அடுத்தது பெட்டியின் வடிகால். குளிர்காற்று கனமானது, அடியில் திறந்திருக்கும் வடிகுழாய் வழியாக அது இரவும் பகலும் படகின் அடிப்பகுதிக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். ஓர் அடைப்பானோ, நீர் தங்கும் வளைவோ அந்தக் கசிவை நிறுத்திவிடும்.

பிறகுதான் நுரைத் தடிமன். 5 செ.மீ. நுரையை 10 செ.மீ. ஆக்கினால் சுவர் வழி நுழையும் வெப்பம் பாதியாகக் குறைந்து, நாளொன்றுக்கு 14 ஆம்பியர்-மணி மிச்சமாகும். 100 வாட் சோலார் பேனல் ஒன்று நல்ல வெயிலில் தருவதில் இது கிட்டத்தட்டப் பாதி; அதுவும் மேகமூட்டத்திலும் நள்ளிரவிலும் குறையாமல் கிடைக்கும் பாதி. உள்ளே இடம் குறையும் என்று தயங்குபவர்களிடம் நான் சொல்வது, பெரிய பெட்டியின் மூலையில் வாரக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும் பொருளுக்காகத்தான் அந்த மின்சாரம் செலவாகிறது என்பதே. நுரையின் வெப்பமான பக்கத்தில், அதாவது வெளிப்புறத்தில், நீராவி புகாத தாள் ஒட்டாவிட்டால் காற்றின் ஈரம் நுரைக்குள் சென்று நீராகத் தங்கி, சில ஆண்டுகளில் முழு வேலையையும் வீணாக்கிவிடும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி மூடிய வெற்றிடப் பலகைகள் அதே தடிமனில் நுரையைவிடப் பல மடங்கு காப்புத் தரும். ஆனால் ஒரு திருகாணி துளைத்தாலே அந்தப் பலகை தன் சிறப்பை இழந்துவிடும் என்பதால், எங்கே துளையிடப் போகிறோம் என்பதை முன்பே தீர்மானித்துக்கொண்டு வாங்க வேண்டும்.

கதவை அடிக்கடி திறப்பதால்தான் பேட்டரி தீர்கிறதா?

குடும்பத்தில் இதற்காக நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை தேவையற்றவை. 100 லிட்டர் காற்றின் எடை 120 கிராம்தான். அது முழுவதும் வெளியேறி, வெளியிலிருந்து 30 டிகிரி ஈரக்காற்று உள்ளே வந்தாலும், காற்றையும் அதன் ஈரத்தையும் சேர்த்துக் குளிர்விக்க 2 வாட்-மணிக்குச் சற்று மேல்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நாளில் 20 முறை திறந்தாலும் 3 ஆம்பியர்-மணியைத் தாண்டாது. மேற்புறம் திறக்கும் பெட்டியில் குளிர்காற்று உள்ளேயே தங்குவதால் அதுவும் குறையும்.

ஆனால் 30 டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் குடிநீரை உள்ளே வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவர 145 வாட்-மணி வெப்பத்தை எடுக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 9 ஆம்பியர்-மணி செலவாகும். சூடான சமையலை அப்படியே உள்ளே வைப்பதும் இதே கணக்குதான். கண்டிக்க வேண்டியது இதைத்தான்.

கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் தவிர வேறு வழிகள் உண்டா?

பெல்டியர் தகட்டில் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) இயங்கும் குளிர்பெட்டிகள் விலை குறைந்தவை, ஆனால் 4 அல்லது 5 ஆம்பியரை ஏறத்தாழ நிற்காமல் எடுப்பவை. நாளுக்கு 100 ஆம்பியர்-மணி அதற்கே போய்விடும். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் உறிஞ்சு வகைப் பெட்டிகள் சமதளத்தில் நிற்க வேண்டியவை. காற்றில் சாய்ந்து ஓடும் படகில் அவை சரியாக வேலை செய்யா. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் படகின் அடியில் தேங்கும். அங்கே இரவெல்லாம் எரியும் ஒரு சுடரை வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவது பெரிய படகுகளில் நடக்கிறது. அங்கே மறக்கப்படுவது இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு: சும்மா விழித்திருப்பதற்கே 10 முதல் 20 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர், நாளொன்றுக்கு 20 முதல் 40 ஆம்பியர்-மணியை விழுங்கிவிடும். நேர்மின்னோட்டத்தில் இயங்கும் சிறு கம்ப்ரஸரே சராசரிப் பாய்மரப் படகுக்குப் பொருத்தமானது. டான்ஃபாஸ் பெயரில் அறிமுகமாகி இன்று செகோப் பெயரில் வரும் பிடி-35, பிடி-50 வகைகள் பல நிறுவனங்களின் பெட்டிகளுக்குள் இருப்பதால், அடுத்து வரும் சில குறிப்புகளில் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது. வாயு குறைந்துவிட்டதா?

வாயுவைச் சந்தேகிக்கும் முன் கம்ப்ரஸர் இருக்கும் அறைக்குள் ஒரு வெப்பமானியை வையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரஸர் செலவிட்ட மின்சாரமும் சேர்ந்து கண்டென்சர் (வெப்பத்தை வெளியே விடும் குழாய்ச்சுருள்) வழியாக அந்த அறையில்தான் கொட்டப்படுகின்றன. இருக்கைக்கு அடியில் மூடிய அறைக்குள் வைத்தால், விசிறி தான் வெளியேற்றிய சூடான காற்றையே மீண்டும் இழுக்கும். அறை 45 டிகிரியை எட்டும். கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். அறை இன்னும் சூடாகும். கீழே குளிர்ந்த காற்று நுழைய ஒரு வழியும் மேலே சூடான காற்று வெளியேற ஒரு வழியும் வெட்டி, இரண்டையும் கண்டென்சரின் இரு பக்கங்களுக்குத் தனித்தனியாகக் காட்டிவிட்டால், பல படகுகளில் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும். என்ஜினுக்கு அருகில் வைத்திருந்தால் இடம் மாற்றுவதே நல்லது.

கடல்நீரால் குளிர்விக்கும் வகைகளும் உண்டு. பம்பு வைத்து நீரைச் சுற்றவிடுவது திறன் மிக்கது, ஆனால் பம்பும் மின்சாரம் எடுக்கும், அதன் வடிகட்டியும் அடைபடும். படகின் அடியில் வெண்கலக் கட்டியாகப் பொருத்தி, பம்பு இல்லாமலேயே வெப்பத்தை நீரில் விடும் அமைப்பு எளிமையானது. அதில் ஒட்டும் சிப்பிகளையும் பாசியையும் அவ்வப்போது சுரண்டிவிட வேண்டும்.

உள்ளே குளிர்த்தகட்டில் பனி 5 மி.மீ. தடிமனைத் தாண்டினால் அதுவே ஒரு காப்பாகி வெப்பத்தைத் தடுக்கும். உருகவிட்டுத் துடைக்க வேண்டும். கத்தியால் குத்தக் கூடாது. அலுமினியத் தகடு துளைபட்டால் அப்போதுதான் வாயு உண்மையிலேயே போய்விடும்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனால் கம்ப்ரஸர் தொடங்கிய சில நொடிகளில் நின்றுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் கம்பி மெலிதாக இருப்பதால்தான். கம்ப்ரஸர் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் சரிந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணி நிறுத்திவிடும். 12 வோல்ட்டில் 2.5 சதுர மி.மீ. கம்பி 2.5 மீட்டர் வரைக்கும், 4 சதுர மி.மீ. 4 மீட்டர் வரைக்கும், 6 சதுர மி.மீ. 6 மீட்டர் வரைக்கும் போதும் என்பது பிடி வகைக் கம்ப்ரஸர்களுக்கான எளிய விதி. விளக்குகளுக்குச் செல்லும் கம்பியிலிருந்து கிளை பிரிக்காமல், 15 ஆம்பியர் ஃபியூஸுடன் தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஓர் எல்இடி விளக்கு இணைத்துவிட்டால் அதுவே பழுதைச் சொல்லும்: ஒருமுறை சிமிட்டினால் மின்னழுத்தம் குறைவு, இருமுறை என்றால் விசிறி, மும்முறை என்றால் மோட்டார் தொடங்கவில்லை, நான்கு முறை என்றால் வேகம் போதவில்லை, ஐந்து முறை என்றால் மின்னணுப் பகுதி சூடேறிவிட்டது. சில காசு பெறுமான இந்த விளக்கு பல படகுகளில் இணைக்கப்படாமலே இருக்கிறது.

கம்ப்ரஸரின் வேகத்தை மாற்றலாமா?

தெர்மோஸ்டாட் கம்பியில் சேர்க்கும் மின்தடையைப் பொறுத்து இவ்வகைக் கம்ப்ரஸர்கள் நிமிடத்துக்கு 2000 முதல் 3500 சுற்றுகள் வரை ஓடும். மெதுவாக நீண்ட நேரம் ஓடுவது, வேகமாகச் சிறிது நேரம் ஓடுவதைவிடச் சிக்கனம். ஆகவே 2000 சுற்றில் வைத்துப் பெட்டி குளிர்நிலையைத் தக்கவைத்தால் அதுவே போதும். தெர்மோஸ்டாட் சக்கரத்தில் உள்ள எண்களை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து, 4 அல்லது 5 டிகிரியில் நிறுத்துங்கள். பலர் தங்களுக்கே தெரியாமல் 1 டிகிரியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்டரியை எந்த அளவு வரை இறக்கலாம்?

ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே வழக்கமாக இறக்காமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். சுமையின்றி ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் என்றால் முழுமை, 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழ பாதி. கம்ப்ரஸரின் கட்டுப்பாட்டுப் பெட்டியோ, மாற்றாமல் விட்டால் 10.4 வோல்ட்டில்தான் நிறுத்தும். அதற்குள் பேட்டரி முழுவதும் வறண்டிருக்கும். இந்த எல்லையை ஒரு மின்தடை சேர்த்து 11.3 வோல்ட் வரை உயர்த்தலாம். அப்படியும் அதை ஒரு கடைசிக் காவலாக மட்டுமே கருத வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பாதியளவு ஏறியிருந்தாலும் அது கெடுவதில்லை. ஆனால் அதன் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் 13.2 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால், வோல்ட்மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. எந்த வகை பேட்டரியாக இருந்தாலும், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஆம்பியர்-மணியாக எண்ணும் கண்காணிப்பு மீட்டரை, புதிய பேட்டரிக்கு முன்பே வாங்குங்கள். என்ஜினைத் தொடக்கும் பேட்டரி எப்போதும் தனியாகவே இருக்க வேண்டும்.

எத்தனை வாட் சோலார் பேனல் தேவை?

படகில் கிடைமட்டமாகப் பொருத்திய 100 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட்-மணி வரை தரும். நடைமுறையில் 25 முதல் 30 ஆம்பியர்-மணி. ஃபிரிட்ஜுக்கு 45, விளக்கு, கருவிகள், தானியங்கிச் சுக்கான் ஆகியவற்றுக்கு 30 என்று கொண்டால் மொத்தம் 75. அதற்கு 300 வாட் ஈடுகொடுக்கும். மேகமூட்டத்தையும் எண்ணி 400 வாட் வைப்பது புத்திசாலித்தனம்.

பேனலின் அளவைவிட நிழலே பலரை ஏமாற்றுகிறது. பாய்மரத்தின் நிழலோ, பாயின் அடிக்கம்பின் நிழலோ, ஒரு கயிற்றின் நிழலோ சில செல்களின் மேல் விழுந்தால்கூட, தொடராக இணைக்கப்பட்ட முழுப் பகுதியின் உற்பத்தியும் சரியும். நங்கூரத்தில் இருக்கும்போது அடிக்கம்பை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டால், புதுப் பேனல் ஒன்றை வாங்கியதற்குச் சமமான பலன் சில சமயம் கிடைக்கும். பேனல்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி எம்பிபிடி கட்டுப்படுத்தி (பேனலிலிருந்து உச்ச மின்திறனை எடுத்து பேட்டரிக்கு அனுப்பும் கருவி) வைப்பது நிழல் ஒன்றின் மேல் மட்டும் விழும்போது மற்றவற்றைக் காப்பாற்றும்.

என்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டினால் போதாதா?

ஈய-அமில பேட்டரிக்குப் போதாது. 80 விழுக்காடு ஏறிய பின் அது வாங்கிக்கொள்ளும் மின்னோட்டம் குறைந்துகொண்டே வரும். என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கடைசி 20 விழுக்காட்டுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். லித்தியம் பேட்டரியில் சிக்கல் நேர்மாறானது: கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்வதால் சாதாரண ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகக்கூடும், இடையில் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வைத்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்த வேண்டும். காலையில் என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிப் பேட்டரியை 80 வரை ஏற்றிவிட்டு, மீதியைச் சோலாரிடம் ஒப்படைப்பதே இரண்டுக்கும் பொருந்தும் வழி.

காற்றாலையின் திறன் காற்றின் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. மணிக்கு 10 கடல்மைல் வேகத்துக்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பாதுகாப்பான நங்கூர இடம் என்றாலே காற்று குறைந்த இடம்தானே. நீண்ட கடற்பயணத்தில், படகு ஓடும் வேகத்தில் நீரில் சுழலும் நீர்மின்னாக்கி மிக நல்ல துணை.

இரவில் ஃபிரிட்ஜை அணைத்து வைக்கலாமா?

அணைப்பதால் வெப்பம் புகுவது நிற்காது. புகுந்ததைக் காலையில் வெளியேற்றியே ஆக வேண்டும். எனவே மொத்தச் செலவில் மிச்சம் சொற்பம். பயன் வேறொன்றில் இருக்கிறது: செலவை வெயில் நேரத்துக்கு நகர்த்தலாம். நண்பகலுக்குப் பின் பேட்டரி நிறைந்து சோலார் மின்சாரம் வீணாகும் வேளையில் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, குளிர்த்தகட்டை ஒட்டி வைத்த நீர்ப் புட்டிகளை உறையவிட்டால், அவை இரவில் உருகும்போது கிலோவுக்கு 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்கும். மூன்று கிலோ பனிக்கட்டி, நம் பெட்டியின் சுவர் வழி வரும் வெப்பத்தை ஏறத்தாழ 15 மணி நேரத்துக்குத் தாங்கும். குடிநீரும் இதே வேளையில்தான் உள்ளே போக வேண்டும். உப்புக் கரைசல் நிரப்பிய குளிர்சேமிப்புத் தகடுகளும் இதே கொள்கையில் இயங்குபவை. நாளுக்கு ஒருமுறை என்ஜின் ஓட்டும் படகுகளுக்காக உருவானவை. நாள் முழுதும் சிறுகச் சிறுகத் தரும் சோலாருக்குச் சாதாரணக் குளிர்த்தகடே பொருத்தம்.

உறைபெட்டியும் வேண்டும். முடியுமா?

வெளியே 30, உள்ளே மைனஸ் 18 என்றால் வெப்பநிலை வேறுபாடு 25-லிருந்து 48 ஆகிறது. அந்தக் குளிரில் கம்ப்ரஸரின் திறனும் குறைகிறது. அதே அளவுப் பெட்டிக்கு இருமடங்குக்கு மேல் மின்சாரம் வேண்டும். 15 செ.மீ. நுரைக்கு இடமும் 600 வாட் பேனலுக்குத் தளமும் இல்லாத படகில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

தொடர்ந்து மூன்று நாட்கள் மேகமூட்டம் இருந்தால்?

முதல் நாளே இறைச்சி, மீன் போன்ற கெடக்கூடிய பொருள்களை முதலில் உண்டு தீர்க்கத் தொடங்கி, அவை தீர்ந்ததும் தெர்மோஸ்டாட்டை 7 டிகிரிக்கு உயர்த்துங்கள். புதிதாக எதையும் குளிர்விக்காதீர்கள். காலியாகும் இடத்தை நுரைக் கட்டியாலோ மடித்த துணியாலோ நிரப்பினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாறும் காற்று குறையும். பலன் சிறிதுதான், ஆனால் செலவில்லாதது. பேட்டரி பாதியைத் தொட்டதும் என்ஜினை ஓட்டுங்கள் அல்லது ஃபிரிட்ஜை அணையுங்கள். இறைச்சியும் மீனும் 5 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் இருந்துவிட்டால், மீண்டும் குளிர்வித்து உண்ண முயலாமல் கடலில் வீசிவிட வேண்டும்.